பெட்டியைக் குளிர வைக்கச் சொன்ன நாள்

வேனின் பின்பக்கம் இருக்கும் வெள்ளைப் பெட்டியின் சாவியை வரும் திங்கட்கிழமை உங்கள் இருவரிடமும் ஒப்படைக்கிறேன். அடுத்த மாதம் எனக்குத் திருமணம். மணமான பெண்ணுக்கு எங்கள் மருந்தகத்தின் பயணப் பிரிவில் இடமில்லை என்பது விதி. ஆகவே இருபத்தேழு வயதில் நான் ஓய்வு பெறுகிறேன். சிரிக்காதீர்கள். தோட்டத்துச் செம்மண் பாதைகளில் ஆறு ஆண்டுகள் குலுங்கியவளுக்கு அந்தச் சொல் பொருந்தும்.

ஊசி போடுவதையும் பதிவேடு எழுதுவதையும் பயிற்சியில் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். பெட்டியை இயக்கும் முறை அதன் கதவின் உள்பக்கம் ஒட்டிய தாளில் இருக்கிறது. அதையெல்லாம் இங்கே திரும்ப எழுதப் போவதில்லை. அந்தத் தாளில் இல்லாத ஒன்றை எழுதுகிறேன். என் முதல் ஆண்டில், நான் சொன்ன இரண்டு சொற்களால் ஒரு மனிதர் போலீஸ் கூண்டு வண்டியில் ஏற இருந்தார். அந்த இரண்டு சொற்களையும் நீங்களும் சொல்லக்கூடும் என்பதால் இதை எழுதுகிறேன்.

பெட்டியைப் பற்றிச் சிறிது. அது மின்சாரத்தில் ஓடுவதில்லை. அடியில் ஒரு மண்ணெண்ணெய் விளக்கு எரியும். அந்தச் சூட்டினால் மேலே உள்ளறை குளிரும். கீழே தீ, மேலே குளிர். முதன்முதலில் கேட்டபோது என்னை வைத்து விளையாடுகிறார்கள் என்றே நினைத்தேன். விளக்கு ஏற்றிய உடனே குளிர்ந்துவிடாது. முந்திய நாள் மதியம் ஏற்றினால், மறுநாள் விடியும்போதுதான் மருந்து வைக்கும் பதம் வரும். பயணத்தில் வண்டி ஆடும் என்பதால் விளக்கை நிறுத்திவிட வேண்டும். அதுவரை சேர்த்து வைத்த குளிரை வைத்துக்கொண்டுதான் முகாம் போய்ச் சேர வேண்டும். அங்கே சமதரையில் வண்டியை நிறுத்திய பிறகு மறுபடி ஏற்றலாம். அதனால் மூன்று நாள் முகாமுக்கும் உயிர், முந்திய நாள் எரிகிற அந்த விளக்கில்தான் இருக்கிறது.

நான் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. பழைய ஓட்டுநர் மாற்றலாகிப் போனார். அவர் இடத்துக்குச் சன்னாசி அண்ணன் வந்தார். ஒரு தோட்டத்தில் பல ஆண்டுகள் லோரி ஓட்டியவர். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். படிப்பு கிடையாது. நெற்றியில் திருநீறு இல்லாமல் வண்டியில் கை வைக்க மாட்டார். எங்கள் வேனில் ஓட்டுநர்தான் பெட்டிக்கும் பொறுப்பு. அவருடைய முதல் முகாம், பதினோராங்கட்டைத் தோட்டத்துக்கு. புக்கிட் ரோத்தானைத் தாண்டி உள்ளே போக வேண்டும்.

அந்தத் தோட்டத்தில் தொண்டை அடைப்பானில் ஒரு பெண் குழந்தை இறந்திருந்தது. அதற்கு முன் ஊசி என்றாலே பிள்ளைகளைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்துவைத்த தாய்மார்கள், வரச் சொல்லி அவர்களே தோட்டத்துக் கணக்கரான கிராணியிடம் கேட்டு அனுப்பியிருந்தார்கள். மூன்று நாள் முகாம். முதல் நாள் அந்தத் தோட்டம். அடுத்த இரண்டு நாள் அதற்கு உள்ளே இருந்த இரண்டு சிறிய பிரிவுகள்.

வெள்ளிக்கிழமை மதியம் விளக்கை நானே ஏற்றினேன். சுடர் நீலமாக நிற்பதைச் சன்னாசி அண்ணனுக்குக் காட்டினேன். எதற்காக எரிகிறது என்று சொல்லவில்லை. தாளில் இருக்கிறதே என்று நினைத்தேன். தாள் ஆங்கிலத்தில் இருந்தது. அவருக்குத் தமிழே படிக்கத் தெரியாது. எங்கள் வீட்டில் என் அப்பாவும் அம்மாவும் சம்பள நாளில் பெருவிரலை மையில் தோய்த்தவர்கள். பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அப்படிப்பட்ட வீட்டில் பிறந்தும், எதிரே நிற்பவருக்குப் படிக்கத் தெரியுமா என்று நினைக்க மறந்தேன்.

விடுதிக்குக் கிளம்பும்போது பெட்டியைக் கையால் காட்டிச் சொன்னேன்: "நாளைக்குக் காலையில பயணம் அண்ணே. இப்பவே நல்லா குளிர வச்சிடுங்க."

"சரி மிஸ்ஸிம்மா" என்றார்.

நர்சு வேலை பார்க்கிற பெண்களை இங்கே எல்லாரும் மிஸ்ஸி என்றுதான் அழைப்பார்கள். அண்ணன் அதோடு ஒரு அம்மாவையும் சேர்த்துக்கொண்டார்.

மறுநாள் இரவு ஊரடங்கு நேரம் முடிந்ததும் ஆறு மணிக்கு வண்டிக்கு வந்தேன். "குளிர வச்சாச்சா அண்ணே?" என்று கேட்டேன். "நேத்தே வச்சாச்சும்மா" என்றார். விளக்கு அணைந்திருந்தது, பயணத்துக்காக நிறுத்தியிருக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். மருந்துகளை வெளியே கொண்டுபோகும் அனுமதிச் சீட்டில் கையெழுத்து வாங்க நான் உள்ளே போனேன். அந்த நேரத்தில், மருந்தகத்தின் பெரிய குளிர்பெட்டியில் இருந்த மருந்துத் தட்டுகளை மூடியோடு அவர் எடுத்துவந்து வேன் பெட்டியில் அடுக்கிவிட்டார். நான் திரும்பி வந்து கதவு சரியாக மூடியிருக்கிறதா என்று தட்டிப் பார்த்தேன். திறக்கவில்லை. கதவை அடிக்கடி திறக்கக் கூடாது என்பது நான் மனப்பாடம் செய்திருந்த முதல் விதி.

துணைக்கு வரும் போலீஸ் ஜீப்புக்காக ஒரு மணி நேரம் காத்திருந்துவிட்டுப் புறப்பட்டோம்.

இப்போது கெடுபிடி கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. அந்த ஆண்டு அப்படி இல்லை. புக்கிட் ரோத்தானுக்கு அப்பால் தோட்டப் பாதை தொடங்கும் இடத்தில் முள்கம்பிக் கேட். அதைத் தாண்டி ஒரு பிடி அரிசியோ ஒரு டப்பா பாலோ போகக் கூடாது. காட்டில் ஒளிந்து சண்டையிடும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமாம். உணவைப் போலவே மருந்துக்கும் கட்டுப்பாடு. ரப்பர்க் காட்டில் பால்வெட்டுக்குப் போகும் பெண்களை ஒரு பெண்தான் சோதிப்பார். அவர் பெயர் பச்சையம்மா. அவரும் முன்பு பால்வெட்டியவர்தான்; இப்போது கேட்டில் வேலை. பெரிய கைகள், அதைவிடப் பெரிய வாய். எனக்கும் அவருக்கும் ஒவ்வொரு பயணத்திலும் ஒரே சண்டை. அவர் பெட்டிக் கதவைத் திறப்பார். நான் "மூடுங்கக்கா, குளிர் போயிடும்" என்று கத்துவேன்.

அன்றும் திறந்தார். தட்டுகளை எண்ணக் கையை உள்ளே விட்டார்.

"மூடுங்கக்கா, குளிர் போயிடும்."

பச்சையம்மா அக்கா கையை எடுக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"எதும்மா போயிடும்? உள்ள ஒண்ணுமே இல்லியே போறதுக்கு."

"விளையாடாதீங்கக்கா."

"ஒன் கைய வச்சுப் பாரு படிச்ச புள்ள. எங்க வீட்டு அரிசிப் பானை இதைவிடக் குளுந்து கெடக்கும்."

கையை விட்டேன். அறையின் சுவர் வெளிக்காற்றைப் போலவே இருந்தது. தட்டுகளில் மட்டும் காலைக் குளிர் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதுவும் எவ்வளவு நேரம்? திரும்பிச் சன்னாசி அண்ணனைப் பார்த்தேன். எனக்கு வந்தது பயம். வெளியே வந்ததோ கோபம்.

"என்ன அண்ணே இது? குளிர வச்சேன்னு சொன்னீங்க!"

"வச்சேன்மா."

"எங்க வச்சீங்க? பெட்டி சூடா இருக்கு!"

"சத்தியமா குளிர வச்சேன் மிஸ்ஸிம்மா. நீங்க போன அடுத்த நிமிசமே வச்சேன்."

"பொய் சொல்லாதீங்க. குளிர வச்சிருந்தா எப்படிச் சூடா இருக்கும்?"

"எனக்கு எப்படிம்மா தெரியும்? குளிர வைக்கச் சொன்னீங்க, வச்சேன். முருகன் சத்தியமா வச்சேன்."

ஒரே சொல்லை நானும் அவரும் மாறி மாறி ஒருவர்மேல் ஒருவர் எறிந்துகொண்டிருந்தோம். கேட்டின் பொறுப்பில் இருந்த சார்ஜன் எழுந்து வந்தார். மலாய்க்காரர், அதிகம் பேசாதவர். எங்களிடம் என்றும் மரியாதையாக நடந்தவர். என்ன என்று கேட்டார். மலாயில் சொன்னேன்: இந்தப் பெட்டி குளிர்ந்திருக்க வேண்டும், நேற்று மதியம் முதல் விளக்கு எரிந்திருக்க வேண்டும், எரியவில்லை போலிருக்கிறது. அவ்வளவுதான் சொன்னேன். அவர் மனத்தில் அது வேறு விதமாக விழுந்ததை நான் கவனிக்கவில்லை.

அவர் தட்டுகளைப் பார்த்தார். குப்பிகளைப் பார்த்தார். பிறகு அமைதியாகக் கேட்டார்: குளிராக இருக்க வேண்டிய பெட்டி சூடாக இருக்கிறது. அப்படியானால் இந்தக் குப்பிகளில் இருப்பது மருந்துதானா? ராத்திரி யாராவது மருந்தை எடுத்துவிட்டுத் தண்ணீரை வைத்தார்களா? எடுத்தது எங்கே போயிருக்கும்?

காட்டைப் பார்த்துக் கையைக் காட்டவில்லை. காட்ட வேண்டிய அவசியமும் இல்லை.

"விளக்கை நிறுத்தியது யார்?"

சன்னாசி அண்ணன் நேராக நின்று, "சாயா" என்றார். நான்தான்.

"சியாப்பா சுரூ?" யார் சொல்லி?

"மிஸ்ஸி."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஜீப்பில் வந்தவர்கள், சோதனைக்கு வரிசையில் நின்ற பெண்கள், பச்சையம்மா அக்கா. பதில் என் வாயில் தயாராக இருந்தது, ஏனென்றால் அது உண்மை.

"நான் விளக்கை அணைக்கச் சொல்லவே இல்லை."

சார்ஜன் அதை அப்படியே நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துக் கேட்டார். போட்டேன். அழகான கையெழுத்து, பள்ளியில் பரிசு வாங்கியது. அதற்குக் கீழே, விளக்கை நிறுத்தியது நான்தான் என்ற வரிக்கு எதிரே, சன்னாசி அண்ணன் பெருவிரலை வைத்தார். சார்ஜன் கேட் ஓரத்துக் கொட்டகைக்குள் போய்த் தொலைபேசியில் கூண்டு வண்டியை அனுப்பச் சொன்னார். அந்த நாட்களில் சந்தேகம் ஒன்றே போதும். விசாரணை இல்லாமல் உள்ளே போய், எப்போது வருவார் என்று தெரியாமல் இருந்த ஆண்களின் பெண்டாட்டிகளுக்கு நானே ஊசி போட்டிருக்கிறேன்.

அப்போது நான் என்ன செய்தேன் என்றால், ஐஸ் தேடி ஓடினேன். உங்களிடம் மறைத்து என்ன பயன்? முதலில் எனக்கு மருந்துதான் ஞாபகம் வந்தது. அந்த மனிதர் ஞாபகம் வரவில்லை.

சாலைக்கு எதிர்ப்பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடை. நாகூர்ப் பக்கத்திலிருந்து வந்த முஸ்லிம் குடும்பம். முதலாளியை ஊரே நானா என்று அழைக்கும். சிராப் என்ற இனிப்புப் பாகு கலக்கும் தண்ணீருக்காக மரத்தூள் பெட்டியில் ஐஸ் கட்டி வைத்திருப்பார்.

"நானா, ஐஸ் வேணும். இருக்கிறதெல்லாம் வேணும்."

"ஐஸ் பெட்டியே வண்டியில வச்சிக்கிட்டு ஏங்கிட்ட ஐஸ் கேக்குறியேம்மா!"

"சிரிக்கிற நேரம் இல்ல நானா."

என் முகத்தைப் பார்த்தவுடன் அவர் எழுந்துவிட்டார். "உப்பு கொஞ்சம் தூவுனா சாயங்காலம் வரைக்கும் நிக்கும்லா."

"உப்பு வேண்டாம். உறைஞ்சிட்டா இந்த மருந்து செத்துடும். வெறும் ஐஸ் போதும்."

சாக்கில் சுற்றி அவரே தோளில் தூக்கி வந்தார். கொட்டகையின் ஓரத்தில் சன்னாசி அண்ணன் நின்றிருந்தார். யாரும் அவர் கையைக் கட்டவில்லை. ஆனால் கட்டியதைப் போலவே கைகளை முன்னால் சேர்த்து வைத்திருந்தார். பச்சையம்மா அக்கா என் குறுக்கே வந்து நின்றார்.

"இந்தாம்மா. அந்த ஆளுகிட்ட நேத்து என்ன சொன்ன?"

"பெட்டியைக் குளிர வைக்கச் சொன்னேன் அக்கா."

"அது கத. எப்படிச் சொன்னியோ அப்படியே சொல்லு. ஒரு வார்த்த கூட்டாத, ஒரு வார்த்த கொறைக்காத."

"நாளைக்குக் காலையில பயணம் அண்ணே. இப்பவே நல்லா குளிர வச்சிடுங்க."

"பெட்டியில அப்ப வெளக்கு எரிஞ்சிக்கிட்டு இருந்துச்சா?"

"ஆமா. நான்தான் ஏத்தினேன்."

பச்சையம்மா அக்கா தன் நெற்றியில் பட்டென்று அடித்துக்கொண்டார்.

"அடிப் பாவி! எரியிற வெளக்கக் காட்டிக் குளிர வைன்னு சொன்னா, அந்த மனுசன் வேற என்ன பண்ணுவான்? ஒங்க வீட்ல சாமி வெளக்க என்ன பண்ணுவீங்க? அணைன்னா சொல்லுவா ஒங்கம்மா?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எங்கள் லயத்து வீடுகளில் சாமி விளக்கை யாரும் அணைக்கச் சொல்ல மாட்டார்கள். அணைப்பது என்பது வீட்டில் கெட்டது நடக்கும்போது வருகிற சொல். விளக்கைக் குளிர வை என்பார்கள். என் அம்மா தினமும் சொல்வார். பத்து வயதில் பள்ளி விடுதிக்குப் போனேன்; அங்கே விளக்குக்கு ஒரு விசை இருந்தது. சன்னாசி அண்ணனுக்கோ வேறு சொல்லே கிடையாது. தீயினால் பெட்டி குளிரும் என்று அவருக்கு யாரும் சொல்லவும் இல்லை. நான் முதுகைத் திருப்பியதும் திரியை இறக்கி மரியாதையாகக் குளிர வைத்துவிட்டார். அவர் அன்று காலையிலிருந்து சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் உண்மை.

நான் சொன்னதும் உண்மைதான். அணைக்கச் சொல்லவில்லை. அந்த உண்மையில்தான் அவர் கூண்டு வண்டிக்குக் காத்து நின்றார்.

சார்ஜனிடம் போய் மலாயில் விளக்கினேன். அவர் கேட்டுவிட்டுத் தலையை அசைத்தார். எழுதியது ஒன்று, இப்போது சொல்வது ஒன்று. உங்கள் ஆளைக் காப்பாற்ற நீங்கள் மூவரும் ஒரு வார்த்தையைக் கண்டுபிடித்திருக்கலாமே என்றார். எனக்குத் தமிழ் தெரியாது, மிஸ்ஸி. தெரியாத சொல்லை நம்பி நான் எப்படி ஆளை விடுவது? கோபமாகச் சொல்லவில்லை. அவர் கேட்டதில் நியாயம் இருந்ததால்தான் எனக்கு வாய் அடைத்தது.

பச்சையம்மா அக்காவுக்கு அடைக்கவில்லை. தன் கலப்பு மலாயில், "ஒரு வெளக்க ஏத்தி வைங்க துவான். வர்ற ஆளுகிட்ட அந்த வார்த்தைய மட்டும் சொல்லச் சொல்லுங்க. என்ன பண்றாங்கன்னு ஒங்க கண்ணாலயே பாருங்க" என்றார்.

சார்ஜன் சற்று யோசித்தார். பிறகு கொட்டகையிலிருந்த அரிக்கேன் விளக்கை எடுத்து, வெயில் ஏறிக்கொண்டிருந்த அந்த வேளையில் ஏற்றி மேசைமேல் வைத்தார். முதலில் அருகில் நின்ற நானாவைக் கூப்பிட்டார். அவர் ஐசுக்குச் சாக்கை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்ததால் எங்கள் பேச்சு எதையும் காதில் வாங்கவில்லை. விளக்கைக் காட்டி, "குளிர வைங்க" என்று மட்டும் சொன்னேன்.

நானா விளக்கைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சாக்குக்குள் கையை விட்டு ஒரு துண்டு ஐஸ் எடுத்து, விளக்கின் தகரத் தலைமேல் வைத்தார். சுர்ரென்று ஆவி பறந்தது. சுடர் எரிந்துகொண்டே இருந்தது.

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். சார்ஜன் சிரிக்கவில்லை. நோட்டுப் புத்தகத்தின்மேல் விரலை வைத்தார்.

"நான் என்னம்மா தப்பு பண்ணேன்?" என்றார் நானா.

"தப்பு இல்ல நானா. ஒங்க வீட்ல சாமி வெளக்கு ஏது?" என்று பச்சையம்மா அக்கா அவரை ஒதுக்கிவிட்டு, "துவான், எங்க ஆளுங்கள்ல ஒருத்தரக் கூப்பிடுங்க. இங்க நிக்கிறதுங்க வேணாம், கேட்டுட்டு நிக்கிதுங்க. அந்தா, இப்பதான் வருதே, அந்தம்மாவக் கூப்பிடுங்க" என்றார்.

சாலையில் ஒரு பால்வெட்டுக்காரம்மா தாமதமாக, அவசரமாக வந்துகொண்டிருந்தார். தலையில் துண்டு, கையில் வாளி. காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்குப் பிந்திவிட்டது என்ற கவலை முகத்தில் தெரிந்தது. அவரை இதற்கு முன் நான் பார்த்ததில்லை. இன்றுவரை பெயர் தெரியாது. சார்ஜன் அவரை நேராக மேசைக்கு வரச் சொன்னார். அவர் பயந்துகொண்டே வந்தார். தூரத்தில் சாலை வளைவில் கூண்டு வண்டியின் சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தது.

விளக்கைக் காட்டினேன்.

"குளிர வைங்கம்மா."

அவர் என்னையும் சார்ஜனையும் மாறி மாறிப் பார்த்தார். "ஆமா, விடிஞ்சு எவ்வளவு நேரமாச்சு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். வாளியைக் கீழே வைத்தார். கையை முந்தானையில் துடைத்தார். ஊதவில்லை. திரியைத் திருகி மெல்ல மெல்ல இறக்கி, சுடர் தானாக அடங்கும் வரை காத்திருந்தார். அடங்கியதும் விரல்களைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"போலாமா தொரை? பெரட்டு எடுத்துருவாங்க."

சார்ஜன் புகையும் திரியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்த அம்மாவைச் சோதிக்காமலே போகச் சொன்னார். அவர் சோதிக்காமல் விட்டதை நான் பார்த்தது அன்று ஒரே ஒரு முறைதான்.

நோட்டுப் புத்தகத்தை என் பக்கம் திருப்பினார். நான் சொன்ன வரியை நானே அடித்து, நான் சொல்லித்தான் விளக்கு நிறுத்தப்பட்டது என்று எழுதிக் கீழே மறுபடி கையெழுத்துப் போட்டேன். என் குடும்பத்தில் முதன்முதலில் கையெழுத்துப் போட்டவள் நான். போட்டதை முதன்முதலில் அடித்தவளும் நான்தான். பரிசு வாங்கிய எழுத்து அன்று கோணலாக இருந்தது. கூண்டு வண்டி வந்து நின்று, சார்ஜனோடு இரண்டு வார்த்தை பேசிவிட்டு, காலியாகத் திரும்பிப் போனது.

அதன் பிறகுதான் மருந்து. கொட்டகைத் தொலைபேசியை நானே கேட்டு வாங்கி எங்கள் மருந்தகத்து டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அத்தனை பேர் காது கேட்க, ஆங்கிலத்தில் ஒருமுறை, சார்ஜனுக்காக மலாயில் ஒருமுறை. மூடிய தட்டில் இரண்டு மணி நேரம் என்றால் கெட்டிருக்காது. உடனே ஐசில் வை. இன்று போடுவதைப் போட்டுவிடு. நாளைக்கென்று ஒரு குப்பியும் வைத்துக்கொள்ளாதே, திரும்பி வா என்றார் டாக்டர்.

"யார் தவறு?" என்றார் கடைசியில்.

"என்னுடையது, டாக்டர்."

"ஓட்டுநர் விளக்கை நிறுத்தினார் என்றாயே?"

"நான் சொன்னதை அவர் செய்தார். நான் சொன்ன விதம்தான் தவறு."

அந்த மாதமே எனக்கு எழுத்து மூலம் ஓர் எச்சரிக்கை வந்தது. என் கோப்பில் இன்னும் இருக்கிறது, நீங்கள் பார்க்கலாம்.

ஐசைப் பெட்டியில் அடுக்கியபோது ஜீப்பில் வந்த ஒரு இளம் போலீஸ்காரர், கேட்டைத் தாண்டிச் சாப்பாட்டுப் பொருள் போகக் கூடாதே, ஐஸ் சாப்பாடா என்று கேட்டார். சார்ஜன் பட்டியலை எடுத்து மேலிருந்து கீழ்வரை விரல் வைத்துப் படித்தார். "தண்ணீர் பட்டியலில் இல்லை" என்றார். அன்று முதன்முறையாகச் சிரித்தார். நானா தன் பங்குக்கு, "சிராப் ஊத்தலியே, அப்புறம் என்ன சாப்பாடு?" என்றார்.

பதினோராங்கட்டையில் தாய்மார்கள் பிள்ளைகளைக் குளிப்பாட்டித் தலைசீவி வரிசையில் நிறுத்தி வைத்திருந்தார்கள். எல்லாருக்கும் போட்டு முடித்தோம். உள்ளே இருந்த இரண்டு பிரிவுகளுக்கும் அன்று போக முடியவில்லை. அடுத்த வாரம்தான் போனோம். கேட்டில் பச்சையம்மா அக்கா பெட்டிக்குள் கையை விடாமல் இருந்திருந்தால், அதே பெட்டியோடு மூன்றாம் நாள் வரை போயிருப்பேன். அந்தப் பிள்ளைகளின் கையில் நான் ஏற்றியிருக்கக்கூடியது வெறும் தண்ணீர். ஊசி போட்டாயிற்று என்று பதிவேட்டில் அழகாக எழுதியும் வைத்திருப்பேன்.

திரும்பும் வழியில் சன்னாசி அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கம்மா" என்றார். புக்கிட் ரோத்தான் தாண்டிய பிறகு மெல்லக் கேட்டார்.

"ஒண்ணு கேக்கட்டா மிஸ்ஸிம்மா? கோவிச்சுக்கக் கூடாது. அடியில தீய வச்சா மேல எப்படிம்மா குளிரும்?"

தாளில் இருந்த ஆங்கில வாக்கியம் நாக்குவரை வந்தது. சூடு, ஆவி, குழாய். வந்த இடத்திலேயே நின்றுவிட்டது.

"எனக்கும் சரியாத் தெரியாது அண்ணே."

அவர் வண்டியின் வேகத்தைக் குறைத்து என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "அப்ப சரி. நான் என்னவோ எனக்கு மட்டுந்தான் வெளங்கலன்னு நெனச்சேன்."

மறு வாரம் டாக்டரிடம் போய் இருவரும் சேர்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டோம். அண்ணன் எனக்கு முன்பே புரிந்துகொண்டார். எஞ்சினோடு பழகியவர்.

பெட்டி பற்றி உங்களுக்கு நான் விட்டுப் போவது இவ்வளவுதான். காலையில் மருந்து ஏற்றுமுன் உங்கள் கையை உள்ளே விட்டுப் பாருங்கள். விளக்கு எரிந்ததா என்று யாரிடமும் கேட்டுத் திருப்தி அடையாதீர்கள். பச்சையம்மா அக்கா இப்போதும் கேட்டில்தான் இருக்கிறார். அவர் கதவைத் திறந்தால் திறக்கட்டும், கத்தாதீர்கள். கொஞ்சம் குளிர் போகும், பரவாயில்லை. யாராவது உங்கள்மேல் பழி சொன்னால், முதலில் வாயில் வரும் உண்மையைச் சொல்லிவிடாதீர்கள். அது யாரைக் காப்பாற்றுகிறது என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

சன்னாசி அண்ணன் உங்களோடும் வருவார். ஒவ்வொரு பயணத்துக்கும் முந்திய மதியம், விளக்கு ஏற்றியதும், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் வந்து நிற்பார். "பெட்டிய என்ன பண்ணணும் மிஸ்ஸிம்மா?" என்று கேட்பார். ஐந்து ஆண்டுகளாக என்னிடம் கேட்கிறார். "எரிய விடுங்க அண்ணே" என்பேன். "எரிஞ்சா?" என்பார். "குளிரும்" என்பேன். அதன் பிறகுதான் சாப்பிடப் போவார்.

திங்கட்கிழமை உங்களிடமும் கேட்பார். பதில் அவருக்கு நன்றாகத் தெரியும். நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று பார்க்கத்தான் கேட்பார். சொல்லுமுன் விளக்கை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.